எந்த ஆத்தூர், எந்தப் பாபநாசம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். செய்தியில் ஊர்ப்பெயர் போடும்போது அது எந்த ஆற்றங்கரை ஊர் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே ஒரு சொல்தான் கூடும். ஆத்தூர் என்று மட்டும், பாபநாசம் என்று மட்டும், வெள்ளாறு என்று மட்டும் போடுவது காகிதத்தில் படித்த காலத்தில் செல்லுபடியாயிற்று, இப்போது ஆகவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். இடம் போதாமல் வெட்டுவதானால் ஜெர்மனிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், ஆத்தூரில் கை வைக்காதீர்கள்.

ஆத்தூரிலிருந்தே தொடங்குவோம். சேலம் மாவட்டத்தில் வசிஷ்ட நதிக்கரையில் ஒரு ஆத்தூர். தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், இன்னொரு ஆத்தூர். திண்டுக்கல் மாவட்டத்தில் காமராஜர் அணைப் பக்கம் மூன்றாவது. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்குப் பக்கத்தில் ஆற்றூர் இருக்கிறது, எழுத்தில் மட்டும் வேறு, நம் பேச்சில் ற்ற எல்லாம் த்த ஆகிவிடுவதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இவை கொஞ்சம் பெரியவை. ஆற்றை ஒட்டி இருக்கும் சின்னச் சின்ன ஆத்தூர்களை எண்ணப் போனால் கடிதம் முடியாது. சட்டமன்றத் தொகுதியிலேயே இரண்டு ஆத்தூர் உண்டு, சேலத்தது தனித்தொகுதி, திண்டுக்கல்லில் இருப்பது பொதுத்தொகுதி. வாக்கு எண்ணும் நாளில் 'ஆத்தூரில் இழுபறி' என்று அடைப்புக்குறி இல்லாமல் ஒரு வரி வந்தால் அதைப் படிக்கிறவர் என்ன செய்வார்?

இத்தனை ஆத்தூர் ஏன் என்று கேட்டால் பதில் எளிது. ஆறு, ஊர், அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் இல்லை அது. மேட்டு நிலத்துக்காரர்கள் ஆற்றங்கரையில் இருந்த குடியிருப்பைச் சுட்டிக் காட்டிச் சொன்ன விவரம் பெயராக ஒட்டிக்கொண்டது. படகு வந்து நின்ற இடம் துறை, இரண்டு ஆறு சேர்ந்த இடம் கூடல், கூடலை ஒட்டிய ஊர் கூடலூர், புதிதாகக் குடியேறிய இடம் புதூர். நீலகிரியில் ஒரு கூடலூர், தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர். புதூரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆறு ஓடும் தேசம் எதிலும் இதுதான் நடந்திருக்கிறது, ஏனென்றால் ஆற்றங்கரையில் மனிதன் செய்கிற காரியங்கள் நாலைந்துதான், கடப்பது, குளிப்பது, படகு கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ஏவன் என்ற பெயரில் ஒன்றல்ல, பல ஆறுகள் ஓடுகின்றன. ஸ்ட்ராட்ஃபர்ட் ஊர் இருக்கும் ஏவன் வேறு, பிராட்ஃபர்ட் ஊர் இருக்கும் ஏவன் வேறு, சாலிஸ்பரி வழியாகத் தெற்கே போய்க் கடலில் விழும் ஏவன் இன்னொன்று. காரணம், ஏவன் என்பது அந்தத் தீவின் பழைய மொழியில் ஆறு என்ற பொதுச்சொல். வேல்ஸ் மொழியில் இன்றைக்கும் ஆற்றுக்கு அதே சொல்தான். கரையில் இருந்தவர்கள் 'ஆறு' என்றார்கள், பின்னால் வந்தவர்கள் அதையே பெயராக எடுத்துக்கொண்டு 'ஏவன் ஆறு' என்றார்கள், அதாவது 'ஆறு ஆறு'. கரைக்காரனுக்கு ஆறு ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். எந்த ஆறு, எந்த ஊர் என்ற கேள்வி ஊரைவிட்டு வெளியே வந்த பிறகுதான் பிறக்கிறது.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். ஊர்ப்பெயர் ஊரைவிட்டு வெளியே வருவது உங்கள் தாளில்தான். முன்பு சிக்கல் இல்லாமல் ஓடியதற்குக் காரணம் பதிப்புகள். சேலம் பதிப்பில் ஆத்தூர் என்றால் சேலத்து ஆத்தூர், நெல்லைப் பதிப்பில் ஆத்தூர் என்றால் தாமிரபரணி ஆத்தூர். நிருபருக்கும் சந்தேகம் இல்லை, படிப்பவருக்கும் இல்லை, பக்கத்தின் மேலே பதிப்பின் பெயர் இருந்தது, அதுவே விலாசமாக வேலை செய்தது. இப்போது அதே செய்தி பதிப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒற்றை வரியாகக் கைப்பேசிக்கு வருகிறது, 'ஆத்தூர் அருகே விபத்து' என்று. அதை யாரோ குடும்பக் குழுவில் போடுகிறார்கள். நான்கு மாவட்டத்தில் நான்கு வீட்டில் வயிற்றைக் கலக்குகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றாவது பத்தியில் ஒரு காவல் நிலையத்தின் பெயர் வரும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாபநாசம் இன்னும் மோசம். பொதிகை மலையிலிருந்து தாமிரபரணி இறங்கி வரும் இடத்தில் இருப்பது ஒன்று, அங்கே அணை இருக்கிறது, மொத்த உயரம் 143 அடி, மழைக்காலத்தில் அதன் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். இன்னொன்று தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணம் போகிற ரயில் பாதையில், குடமுருட்டிப் பக்கம். அங்கே மலையும் இல்லை, அணையும் இல்லை. என் நண்பர் ஒருவர் இந்த இரண்டாவது பாபநாசத்துக்காரர். ஐப்பசி பிறந்தால் போதும், வெளியூரில் இருக்கும் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்துவிடும், 'அணை நிரம்பிடுச்சாமே, மேட்டுப் பக்கம் போயிட்டீங்களா?' என்று. 'எங்க ஊர்ல அணையே கிடையாதுங்க சம்பந்தி' என்று இவர் சொல்வார். அடுத்த ஐப்பசியில் மறுபடி வரும். அக்கறையில்தான் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைப்பில் 'பாபநாசம் அணை கிடுகிடு' என்று போட்டவர் முன்னால் 'தாமிரபரணி' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அந்த போன் வந்திருக்காது.

மாவட்டத்தைப் போட்டால் போதாதா என்று உங்கள் செய்தி ஆசிரியர் கேட்கக்கூடும். இன்றைக்குப் போதும், நாளைக்குப் போதாது. மயிலாடுதுறையைப் பாருங்கள். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம் மாவட்டம், 2020 முதல் தானே ஒரு மாவட்டம். தாமிரபரணி ஆத்தூர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, திண்டுக்கல் ஆத்தூர் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. பழைய செய்தியைத் தேடி எடுப்பவர், நிலத் தகராறுக்காகவோ குடும்ப வரலாறு எழுதவோ எதற்காகவோ, மாவட்டப் பெயரை வைத்துக்கொண்டு திண்டாடுவார். ஆறு அப்படி மாவட்டம் மாறுவதில்லை. (ஆறும் தடம் மாறும், தெரியும். ஆனால் அரசாணை போட்டு மாறுவதில்லை.)

அதுவும் தவிர, ஆற்றைச் சொல்லி ஊரைச் சொல்வது நமக்குப் புதிதே இல்லை, நாம் மறந்துவிட்ட பழக்கம். பாடல் பெற்ற சிவத்தலங்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சோழநாட்டுத் தலங்களில் காவிரி வடகரை 63, காவிரி தென்கரை 127. மாவட்டம், தாலுகா எதுவும் இல்லாத காலத்தில் ஆறுதான் விலாசம், நீ ஆற்றுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் முதல் கேள்வி. குரங்காடுதுறை என்று இரண்டு ஊர் இருந்தன, இரண்டும் காவிரியை ஒட்டியே. என்ன செய்தார்கள்? தென்கரையில் இருப்பது தென்குரங்காடுதுறை, வடகரையில் இருப்பது வடகுரங்காடுதுறை. தெற்கில் இருப்பதை இன்று நாம் சுருக்கி ஆடுதுறை என்கிறோம், வடக்கில் இருப்பதை ஆடுதுறைப் பெருமாள் கோயில் என்கிறார்கள். திசையைத் தூக்கிப் போட்டோம், பெயர் மறுபடி ஒன்றோடொன்று மோதிக்கொண்டது, அதைத் தீர்க்க ஊர்க்காரர்களே ஒரு கோயிலைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள்.

இதைவிட அழகான ஏற்பாடு மருதூர்கள். மருத மரம் ஆற்றோரத்து மரம், அதனால் மருதூர் என்ற பெயர் ஆறு உள்ள இடமெல்லாம் முளைத்தது. அவற்றில் பேர்பெற்ற மூன்றை ஒரே வரிசையில் வைத்தார்கள். கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீசைலம் தலைமருது, காவிரி நாட்டுத் திருவிடைமருதூர் இடைமருது, தாமிரபரணியோடு கடனா நதி சேரும் இடத்தில் உள்ள திருப்புடைமருதூர் கடைமருது. மூன்று ஆறு, மூன்று ஊர், ஒரே பெயர், ஆனால் தலை, இடை, கடை என்று சொன்ன உடனே வடக்கிலிருந்து தெற்கே ஒரு கோடு போட்டுப் பார்க்க முடிகிறது. அரங்கமும் அப்படியே, ஆனால் அங்கே ஆறு ஒன்றுதான். அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும்போது நடுவில் விடும் திட்டு. காவிரியில் அப்படி மூன்று, கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். ஆற்றின் போக்கிலேயே எண் போட்டிருக்கிறார்கள், முதல், நடு, கடைசி என்று. பெயர் ஒன்றாக இருப்பதைக் குறையாக அவர்கள் நினைக்கவில்லை, அந்த ஒற்றுமையை வைத்தே ஒரு உறவு கட்டினார்கள். யாரும் யார் பெயரையும் மாற்றச் சொல்லவில்லை.

நானும் மாற்றச் சொல்லவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே சிலர் 'அப்படியானால் சின்ன ஊரின் பெயரை மாற்றிவிடலாமே' என்று கிளம்புவார்கள். எப்போதும் சின்ன ஊர்தான் மாற வேண்டுமாம். அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு தபால் நிலையம் இருக்கக் கூடாது என்ற வழக்கத்தால் எத்தனையோ குடியிருப்புகள் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தபால்காரருக்கு வசதி, ஊர்க்காரருக்கு? ஐரோப்பாவில் வேறு வழி பிடித்தார்கள், அது நம் வழிக்குப் பக்கத்தில் வருகிறது.

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் என்றால் நாம் நினைப்பது விமான நிலையமும் வங்கிகளும் உள்ள பெரிய நகரத்தை. அதன் முழுப்பெயரில் மைன் ஆறு இருக்கிறது. நாட்டின் கிழக்குக் கோடியில், போலந்து எல்லையில், ஓடர் ஆற்றங்கரையில் இன்னொரு ஃபிராங்க்ஃபர்ட் இருக்கிறது, அளவில் மிகச் சிறியது. ஃபிராங்குகள் ஆற்றைக் கடந்த துறை என்பதுதான் பெயரின் பொருள், அதாவது இதுவும் ஒரு துறை ஊர்தான். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஒன்றுக்கு அடைப்புக்குறிக்குள் மைன், மற்றதற்கு ஓடர். பெரியவன் சின்னவன் பேதமில்லாமல் இரண்டுக்கும் ஆறு போட்டிருப்பதுதான் எனக்குப் பிடித்தது. அதே நாட்டில் டாபர் ஆற்றின் மேல் ஒரு ரோட்டன்புர்க், ஃபுல்டா ஆற்றங்கரையில் ஒரு ரோட்டன்புர்க், வூமே ஆற்றங்கரையில் ஒன்று, அப்புறம் நெக்கர் ஆற்றங்கரையில் ரொட்டன்புர்க். அவர்கள் எழுத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட எல்லாம் ஒன்று. ஆற்றின் பெயர் இல்லாவிட்டால் சுற்றுலா போகிறவர் தவறான கோட்டையைத் தேடிக்கொண்டு நிற்பார். பிரான்ஸில் பாரிஸுக்கு மேற்கே சேன் ஆற்றங்கரையில் ஒரு நெய்யி, கிழக்கே மார்ன் ஆற்றங்கரையில் ஒரு நெய்யி, இரண்டு பெயரிலும் ஆறு சேர்ந்தே எழுதப்படுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் பல்கேரியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது சேன் கரை நெய்யியில்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஆற்றைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய், ஏனென்றால் நம் ஆறுகளும் ஏவன் மாதிரிதான். வெள்ளாறு இரண்டு. வட வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் சேருகிறது, தென் வெள்ளாறு புதுக்கோட்டை மாவட்டத்தின் வழியாக வந்து மணமேல்குடிப் பக்கம் சேருகிறது. மணிமுத்தாறு நெல்லையில் ஒன்று, அணையோடு. விருத்தாசலத்தில் ஒன்று, சிவகங்கைப் பக்கம் ஒன்று. பாலாறு என்றால் வேலூர் வழியாக வருவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும், பழனிப் பக்கத்தில் ஒரு பாலாறு இருப்பது அந்தப் பக்கத்து விவசாயிக்குத்தான் தெரியும். 'வெள்ளாற்றில் வெள்ளப்பெருக்கு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை' என்று வட, தென் இல்லாமல் ஒரு வரி வந்தால் அது எச்சரிக்கையா புதிரா? ஆகவே ஆற்றுக்கு வட, தென் உண்டென்றால் அதையும் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பெரிய ஊரைப் போடுங்கள். 'வசிஷ்ட நதி ஆத்தூர்', 'குடமுருட்டிக் கரைப் பாபநாசம்', 'பழனிப் பாலாறு'. படிக்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பின்கோடு இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்ததற்கு ஒரே மாதிரி ஊர்ப்பெயர்களால் வந்த குழப்பமும் ஒரு காரணம், உண்மைதான். ஆனால் ஒரு பின்கோட்டுக்குள் பல கிராமங்கள் இருக்கும், தவிர யாரும் 'ஆறு இலக்க எண்ணில் வெள்ளம்' என்று செய்தி படிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம்மைக் காப்பாற்றாது. சேலத்து ஆத்தூரையும் திண்டுக்கல் ஆத்தூரையும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்தில் எழுதுகிறார்கள், ஏதோ பழைய குமாஸ்தாவின் புண்ணியம். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். ஒலிப்புப்படி எழுதுவது நல்ல யோசனைதான், நான் எதிரி இல்லை. ஆனால் ஒன்று போல ஒலிக்கும் ஊர்கள் அப்போது ஆங்கிலத்திலும் ஒன்றாகிவிடும் என்பதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசின மாதிரி தெரியவில்லை. தமிழில் எழுதும் உங்களுக்கு அந்த வசதி எப்போதுமே கிடையாது.

உயிர் போகிற விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையும் தாமிரபரணி வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. அந்த மாதிரி நாட்களில் செய்திகள் முழு வாக்கியமாக வருவதில்லை, ஊர்ப்பெயரும் ஒரு வினையும் மட்டும் வருகின்றன. 'ஆத்தூரில் படகு தேவை.' 'புதூரில் தண்ணீர் ஏறுகிறது.' உதவிக்கு வருகிறவன் வெளியூர்க்காரன், அவனுக்கு எந்தப் புதூர் என்று எப்படித் தெரியும்? வண்டியில் இருப்பவர் தேடுபொறியில் போட்டால் முதலில் வருவது அந்தப் பெயருள்ள பெரிய ஊர். பெரிய ஊருக்கு இதனால் நஷ்டமில்லை. இருபது முப்பது வீடுகள் உள்ள ஆற்றங்கரைக் குடியிருப்புதான் வரைபடத்தில் அண்ணன்காரனுக்குப் பின்னால் மறைந்துபோகிறது, அங்கே இருப்பவர்கள் போனில் கத்திக் கத்தி 'அந்த ஊர் இல்லீங்க, இது ஆத்துக்கு இந்தப் பக்கம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் வாயில் முதலில் வருவது தாலுகா இல்லை, பின்கோடு இல்லை, ஆறுதான் என்பதைக் கவனியுங்கள்.

நானே ஒருமுறை ஏமாந்தேன், சொல்லிவிடுகிறேன். ஒரு துக்கச் செய்திக்குப் போக வேண்டியிருந்தது, கைப்பேசி வரைபடத்தில் ஊர்ப்பெயரைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அது காட்டியது வேறு ஆற்றங்கரையில் இருந்த அதே பெயர் ஊர். பாதி தூரம் போன பிறகு ஒரு பாலத்தைக் கடக்கும்போதுதான், இந்த ஆறு நம் வழியில் வரக் கூடாதே என்று உறைத்தது. வந்த வழியே திரும்பி ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெயர்ப்பலகை எதுவும் என்னை எச்சரிக்கவில்லை, ஆறுதான் சொன்னது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. செய்தி ஆசிரியரின் மேசையில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள், அதிகம் குழம்பும் பெயர்கள் நாற்பது ஐம்பது, எதிரே ஆறு, கரை. செய்தியின் முதல் வரியில் ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டு அப்புறம் வெறும் ஆத்தூர் என்றே எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கைப்பேசிக்கு அனுப்பும் ஒற்றை வரியில் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். தாளைத் தயாரிக்க ஆள் இல்லை என்றால் 'உங்கள் ஊர் எந்த ஆற்றங்கரை?' என்று கேட்டு வாசகர்களுக்கு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் தபால் பை நிறைந்துவிடும், அதற்கு நான் உத்தரவாதம். அதில் எத்தனை புதூர் வருகிறது என்று எண்ணிப் போட்டால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் தலைப்பைச் சுருக்கும்போது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஆத்தூர் வாசகர் கடிதம்' என்று போட்டுவிடாதீர்கள், நான் எந்த ஆத்தூரும் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்